ஆய்வுக் குறிப்பு: கொலாஜன் ஜெல்லின் இரண்டாவது இழுப்பு

போன வாரம் பழைய பிடிஎஃப் கோப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். பல வருடங்களுக்கு முன்னால் இறக்கிவைத்து, முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்த ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. 2009-இல் பிளாஸ் ஒன் இதழில் வந்தது. எழுதியவர்கள் டேவிட் வேடர், அலெக்சாந்தர் காப்லா, டேவிட் வைட்ஸ், எல். மகாதேவன். கொலாஜன் ஜெல்லை இழுத்தால் உள்ளே இருக்கும் இழைகள் எப்படி வரிசை பிடிக்கின்றன என்பதுதான் விஷயம். இந்தத் தடவை முழுசாகப் படித்தேன். முடித்தபோது எரிச்சலாக இருந்தது. கட்டுரை மேல் கொஞ்சம், என் மேல் நிறைய. இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

மகாதேவன் என்ற பெயர் இங்கே பலருக்குப் பழக்கமானதுதான். கிண்டியில் ஐஐடி மெட்ராஸில் பி.டெக். படித்து 1986-இல் வெளியே போனவர், இப்போது ஹார்வர்டில் இருக்கிறார். துணி, தாள், தோல் மாதிரியான மெல்லிய பரப்புகள் எப்படிச் சுருக்கம் விழுகின்றன என்று என்ரிக்கே செர்தாவோடு சேர்ந்து எழுதியதற்கு 2007-இல் இக் நோபல் பரிசும் வாங்கியவர். சிரிக்க வைத்துவிட்டு யோசிக்க வைக்கும் ஆய்வுக்குத் தருகிற பரிசு அது. சிரிப்பு சீக்கிரம் போய்விடும், கணக்கு நிற்கும்.

முதலில் ஜெல் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஆட்டுக்கால் சூப்பை ஃபிரிட்ஜில் வைத்தால் கட்டியாக உறையுமே, அது ஜெலட்டின். கொதிக்க வைத்ததில் கொலாஜனின் முறுக்கு அவிழ்ந்துபோன வடிவம். ஆய்வகத்தில் நாங்கள் செய்கிற கொலாஜன் ஜெல் நேர் எதிர். முறுக்கு அவிழாத கொலாஜன், குளிர வைத்தால் கரைசலாக இருக்கும், உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் உறையும். எலி வாலின் தசைநாணை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, ஐஸ் மேலேயே வைத்திருந்து, அமிலத்தைச் சமன் செய்து, 37 டிகிரி இன்குபேட்டரில் வைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் தெளிவாக இருந்த கரைசல் பால் கலந்த மாதிரி மங்கும். அந்த மங்கல்தான் இழைகள். சுமார் 300 நானோமீட்டர் நீளமுள்ள மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கால்வாசி தள்ளித் தள்ளி அடுக்கி, கயிறு மாதிரி ஆகி, அந்தக் கயிறுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி வலையாகிவிடும். ஒரு மில்லி லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. அப்படின்னா ஒரு லிட்டர் ஜெல்லில் கொலாஜன் 2 கிராம், மீதி எல்லாம் தண்ணி. அந்த 2 கிராம்தான் மொத்தத்தையும் சரியாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

இதில் செல்களைக் கலந்துவிட்டால் அதுதான் திசு மாதிரி. புற்றுநோய்ச் செல் எப்படி ஊர்ந்து போகிறது, காயம் எப்படி ஆறுகிறது என்றெல்லாம் பார்ப்பதற்கு எலிக்கு முன்னால் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். யூஜின் பெல்லும் கூட்டாளிகளும் 1979-இலேயே, மனித ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைக் கொலாஜன் ஜெல்லில் போட்டால் அவை நாட்கணக்கில் இழுத்து இழுத்து ஜெல்லையே சுருக்கிவிடும் என்று காட்டினார்கள். ஆல்பர்ட் ஹாரிஸும் டேவிட் ஸ்டோபாக்கும் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் இன்னொன்று காட்டினார்கள். இரண்டு செல் கூட்டங்களை ஜெல்லில் தள்ளித் தள்ளி வைத்தால், நடுவில் உள்ள கொலாஜன் ஒரு கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் போட்ட மாதிரி வரிசையாகிவிடும். ஆக, இழுத்தால் வரிசையாகும் என்பது 2009-இல் புதுச் செய்தி இல்லை.

வேடர் குழு கேட்ட கேள்வி அதற்கு அடுத்தது. இழுத்தபோது வரிசையான இழைகள், விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்புமா? அதைப் பார்க்க ஒரே ஜெல்லை இரண்டு விதமாக எடுத்துக்கொண்டார்கள். ஒன்று சும்மா உறைய வைத்தது. இன்னொன்று, உறைந்த பிறகு வேதிப்பொருள் கொண்டு இழைகளுக்குள்ளும் இழைகளுக்கு இடையிலும் குறுக்குப்பிணைப்பு போட்டது. செல்கள் இழுக்கும்போது உண்டாகும் உருமாற்றத்தை ஒத்த ஒரு கருவியில் வைத்து இழுத்து, நுண்ணோக்கியில் இழைகளின் திசையையும் அடர்த்தியையும் கணக்கெடுத்தார்கள்.

கிடைத்தது இதுதான். இழுக்கும்போது இரண்டு ஜெல்லும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன. இழைகள் இழுத்த திசைக்குத் திரும்புகின்றன, பக்கவாட்டில் நெருங்குகின்றன, அடர்த்தி கூடுகிறது. விட்ட பிறகுதான் வித்தியாசம். பிணைப்பு போடாத ஜெல்லில் அந்த வரிசை அப்படியே பதிந்துபோய்விடுகிறது. பிணைப்பு போட்டதில் முழுசாகத் திரும்பிவிடுகிறது.

சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனா அதுவரை பலர் மனதில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு விஷயங்களை இது பிரித்துக் காட்டுகிறது. இழைகள் வரிசையாவதற்கு அவை நிரந்தரமாக இடம் மாற வேண்டும், அறுந்து ஒட்ட வேண்டும் என்று ஒரு நினைப்பு இருந்தது. அது தேவையில்லை. வரிசையாவது வலையின் வடிவத்தால் வருகிறது. நினைவில் வைத்துக்கொள்வது பிணைப்பின் தன்மையால் வருகிறது. கட்டுரையின் பலம் எல்லாம் இந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது, இதற்காகவே அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

வலையின் வடிவத்தால் என்று சொன்னேன், அதைக் கொஞ்சம் விரிக்க வேண்டும். கம்பிகளை மூட்டுகளில் இணைத்துக் கட்டிய சட்டம் ஆடாமல் நிற்க ஒவ்வொரு மூட்டிலும் சராசரியாக எத்தனை கம்பி சேர வேண்டும் என்று மாக்ஸ்வெல் 1864-இல் கணக்குப் போட்டார். முப்பரிமாணத்தில் 6 வேண்டும். கொலாஜன் வலையில் ஒரு சந்திப்பில் சேர்வது மூன்று நான்கு இழைகள்தான். ஓர் இழை இரண்டாகக் கிளை பிரிந்தால் 3, இரண்டு இழை ஒன்றின் மேல் ஒன்று கிடந்தால் 4. ஆகவே மாக்ஸ்வெல் கணக்குப்படி இது நிற்கவே கூடாத கட்டடம். கொஞ்சமாவது நிற்கிறது என்றால் இழைகளுக்கு வளையாமல் இருக்கும் விறைப்பு சற்று இருப்பதால்தான். கொஞ்சம் இழுக்கும்போது இழைகள் வளைந்து கொடுக்கின்றன, அதற்கு அதிக விசை வேண்டாம். மேலும் இழுத்தால் வளைவெல்லாம் தீர்ந்து இழைகள் நேராகின்றன, இனிமேல் இழையையே நீட்ட வேண்டும். வளைப்பது சுலபம், நீட்டுவது கஷ்டம், அதனால் ஜெல் திடீரென்று விறைக்கிறது. பஞ்சை இரண்டு கையால் பிடித்து இழுத்துப் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது, பிறகு நடுவில் ஒடுங்கி, நார் நாராகி, கையைப் பிடிக்கும். 2016-இல் அபினவ் சர்மா, கோயன்டெரிங்க், மக்கின்டாஷ் உள்ளிட்ட குழு இந்தத் திடீர் மாற்றத்தை ஒரு நிலைமாற்றமாகவே எழுதலாம் என்று நேச்சர் ஃபிசிக்ஸில் காட்டினார்கள்.

அந்த நடுவில் ஒடுங்கும் சமாச்சாரமும் முக்கியம். ரப்பரை இழுத்தால் ஒடுங்கும், ஆனா கன அளவு மாறாது. கொலாஜன் ஜெல் அதைவிட அதிகமாக ஒடுங்கும். இழுக்கும் திசைக்குக் குறுக்கே கிடக்கும் இழைகளுக்கு அமுக்கத்தைத் தாங்கும் சக்தி கிடையாது, நூல் மாதிரி மடிந்துவிடும். தடுப்பதற்கு ஆள் இல்லாததால் பக்கவாட்டில் சுருங்கிக்கொண்டே போகிறது, உள்ளே இருந்த தண்ணீர் வெளியே பிழிந்து வருகிறது. இன்னொரு புரதமான, ரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரினிலும் இதே கதைதான். 2009-இல் சயின்ஸில் பிரவுன், வைசல் முதலானோர், ஃபைப்ரின் கட்டியை இழுத்தால் புரதத்தின் மடிப்பே அவிழ்வதையும் தண்ணீர் வெளியேறுவதையும் சேர்த்துக் காட்டினார்கள். தண்ணீர் வெளியேற நேரம் வேண்டும். ஆக, எவ்வளவு வேகமாக இழுக்கிறோம் என்பதும் பதிலை மாற்றும்.

இனி என் குறைகள்.

பதிந்துபோகும் வரிசை, திசு தன்னை ஒழுங்கமைத்துக்கொள்வதற்கான ஒரு எளிய வழியாக இருக்கலாம் என்று கட்டுரை சொல்கிறது. இந்த இடத்தில் எனக்கு ஒப்பவில்லை. அவர்கள் கையில் இருந்தவை இரண்டு முனைகள். ஒரு முனையில் பிணைப்பே போடாத ஜெல், மறு முனையில் வேதிப்பொருளால் இறுக்கிப் பூட்டிய ஜெல். உடம்பு இந்த இரண்டு முனையிலும் இல்லை. நம் தோலிலும் தசைநாணிலும் லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்குப்பிணைப்பு போட்டுக்கொண்டே இருக்கிறது. வயது ஏற ஏறச் சர்க்கரையும் போய் ஒட்டி இன்னும் பிணைக்கிறது. குழந்தையின் தோல் ஒரு இடத்தில், தாத்தாவின் தோல் வேறு இடத்தில். இடைப்பட்ட இந்த நீளமான பாதையில் எந்த இடத்தில் நினைவு போய் மீள்திறன் வருகிறது என்பதுதான் உயிரியலாளருக்கு வேண்டிய தகவல். அது கட்டுரையில் இல்லை. இரண்டு முனையைக் காட்டிவிட்டு நடுவில் இருப்பதைப் பற்றி முடிவு சொல்வது கொஞ்சம் அவசரம்.

அடுத்தது, காலம். செல் மணிக்கணக்கில், நாள்கணக்கில் இழுக்கும். இடையிடையே விடும், வேறு பக்கம் திரும்பும், நொதியை விட்டு இழையை வெட்டும், புதுசாக நூற்கவும் செய்யும். சுங்மின் நாமும் ஓவிஜித் சௌதுரியும் மற்றவர்களும் 2016-இல் காட்டியபடி, இழுத்துப் பிடித்த ஜெல்லில் விசை தளர்ந்துகொண்டே போகும், எவ்வளவு அதிகமாக இழுத்தோமோ அவ்வளவு சீக்கிரம் தளரும். கருவியில் வைத்து இழுத்துக் கிடைத்த படத்தை நேராகச் செல்லின் கணக்கில் எழுத முடியாது.

இந்த இரண்டு குறையையும் எனக்கு உறைக்க வைத்தது வேறு கட்டுரை இல்லை, எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியவர். குரோம்பேட்டைப் பக்கம் தோல் கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். (அந்த ஊருக்குப் பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது என்பது கிண்டியிலிருந்து தாம்பரம் ரயிலில் தினம் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.) தோல் பதனிடுவது என்றாலே கொலாஜனுக்குக் குறுக்குப்பிணைப்பு போடுவதுதான். ஆவாரம் பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்டால் ஒரு வகைப் பிணைப்பு, குரோமியம் உப்பில் போட்டால் வேறு வகை, ஆல்டிஹைடில் போட்டால் இன்னொரு வகை. ஆய்வகத்தில் ஜெல்லைப் பிணைக்க வழக்கமாகப் பயன்படும் குளூட்டரால்டிஹைடு தோல் பதனிடுவோருக்கும் பழகிய சரக்கே. கட்டுரையின் இரண்டு ஜெல்லையும் அவருக்கு விளக்க எனக்கு ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. "ஐயா, ஒண்ணு பச்சைத் தோல், ஒண்ணு பதம் பண்ண தோல்."

"சரி தம்பி, ஈரமா இழுத்தாங்களா, காய வச்சு இழுத்தாங்களா?"

"தண்ணிக்குள்ளயே."

"அதான் திரும்பிப் போகுது. பதம் பண்ண தோலை ஈரமா இழுத்து, சட்டத்துல கிளிப் மாட்டிக் காய விட்டா, அது அப்படியே நின்னுடும். அளவு கூடிடும். அப்புறம் மழைல நனைஞ்சா கொஞ்சம் சுருங்கிக்கும். வாங்கினவன் வந்து சண்டை போடுவான்."

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பிணைப்பு போட்ட வலை முழுசாகத் திரும்பும் என்பது தண்ணீருக்குள் இருக்கும்வரை சரி. தண்ணீர் போனால் இழையும் இழையும் ஒட்டிக்கொள்ளும், அதுவும் ஒரு நினைவு. உடம்பில் யாரும் தோலைக் காயப் போடுவதில்லை, உண்மைதான். ஆனா இழுத்ததும் தண்ணீர் பிழிந்து வெளியேறி இழைகள் நெருங்குகின்றன என்று கட்டுரையே சொல்கிறது. நெருங்கிய இழைகள் எவ்வளவு நேரம் நெருங்கியே இருந்தால் ஒட்டிக்கொள்ளும் என்ற கேள்வியை அவர்கள் கேட்டிருக்கலாம்.

இங்கே ஒரு சின்ன விலகல். சர்தார் படேல் சாலையில் தோல் ஆராய்ச்சி நிறுவனமான சி.எல்.ஆர்.ஐ.யும், அதை ஒட்டினாற்போல மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகமும் இருக்கின்றன. ஜி.என். ராமச்சந்திரன் 1952-இல் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து கொலாஜனின் மூவிழைச் சுருளை 1954-இலும், திருத்திய வடிவத்தை 1955-இலும் நேச்சரில் எழுதியது இங்கேதான். கங்காரு வால் தசைநாணின் எக்ஸ்ரே படம் அதற்கு உதவியது. சி.எல்.ஆர்.ஐ.யின் அரங்கத்துக்கே டிரிபிள் ஹெலிக்ஸ் என்று பெயர். எல்லாம் பெருமைதான், நானும் வெளியூர் நண்பர்கள் வந்தால் அந்தச் சாலையில் கை காட்டிச் சொல்லுவேன். ஆனா நாம் கொலாஜன் என்றதும் அந்த மூலக்கூறோடு நின்றுவிடுகிறோம். ஜெல் எப்படி இழுபடுகிறது என்பதற்கு மூவிழைச் சுருளில் பதில் கிடையாது. அந்தச் சுருள்களை ஆயிரக்கணக்கில் அடுக்கிய இழை, இழைகள் பின்னிய வலை, வலைக்குள் நிற்கும் தண்ணீர், இந்த மூன்று மாடி ஏறின பிறகுதான் பதில் தொடங்குகிறது. சுற்றுச்சுவரின் ஒரு பக்கம் மூலக்கூறு, மறு பக்கம் மாட்டுத்தோல். நடுவில் இருக்கும் ஜெல்லை நாம் அதிகம் பேசவில்லை.

இப்போது என் எரிச்சல்.

கிண்டி வட்டாரத்தில் ஓர் ஆய்வகத்தில் முதுநிலைத் திட்டத்துக்காக நான் கொலாஜன் ஜெல் பட்டைகளை இழுத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. எந்த ஆய்வகம் என்பது இங்கே தேவையில்லை. எனக்குக் கொடுத்த வேலை எளிது. ஜெல்லின் விறைப்பு எத்தனை பாஸ்கல் என்று ஒரு எண் வேண்டும். அந்த எண்ணைத் தோலின் எண்ணோடு ஒப்பிட்டு, நம்ம மாதிரி இவ்வளவு தூரம் நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அட்டவணை போட வேண்டும். ஒவ்வொரு பட்டையையும் ஒரு தடவை இழுப்பேன். வளைகோடு முதலில் படுத்திருக்கும், பிறகு எழும்பும். எழும்பும் இடத்தில் சாய்வைக் கணக்கிட்டு எழுதிக்கொள்வேன்.

பட்டைகள் குறைவாக இருந்ததால் சில நாட்கள் அதே பட்டையை மறுபடியும் இழுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கோடு மாறி வந்தது. எழும்பும் இடம் வலது பக்கம் தள்ளிப்போயிருந்தது. முதல் தடவை சீக்கிரம் விறைத்த பட்டை, இரண்டாவது தடவை வெகு நேரம் தொளதொளவென்று வந்து, அப்புறம்தான் விறைத்தது. ஆனா விறைத்த பிறகு அதே மாதிரிதான் ஏறியது, பலவீனம் எதுவும் தெரியவில்லை. வழிகாட்டியிடம் காட்டினேன். "கிளிப்ல ஸ்லிப் ஆயிருக்கும்பா. ரெண்டாவது தடவை எல்லாம் எடுக்காதே, ஃப்ரெஷ் சாம்பிள் போடு" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. உண்மையாகச் சொன்னால் நிம்மதியாகவும் இருந்தது.

2013-இல் ஸ்டெஃபான் மூன்ஸ்டரும் கூட்டாளிகளும் பிஎன்ஏஎஸ் இதழில் எழுதிய கட்டுரையின் மையமே இந்தத் தள்ளிப்போகும் கோடுதான். பிணைப்பு போடாத கொலாஜனையும் ஃபைப்ரினையும் திரும்பத் திரும்பப் பெரிய அளவில் உருமாற்றினால், விறைக்கும் இடம் ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போகிறது. வலை பலவீனமாகவில்லை, விறைப்பைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். நுண்ணோக்கியில் பார்த்தால் தனித்தனி இழைகளே நீளம் கூடியிருக்கின்றன. குறுக்குப்பிணைப்பு போட்டுவிட்டால் இந்தத் தள்ளல் அடங்கிவிடுகிறது. இழைக்குள் இருக்கும் மூலக்கூறுகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குவதுதான் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். புதுசாகப் பின்னிய கயிற்றுக் கட்டிலில் நான்கு பேர் உட்கார்ந்து எழுந்தால் தொட்டில் மாதிரி இறங்கிவிடும். கயிறு அறுந்திருக்காது, நீண்டிருக்கும். கால்மாட்டுக் கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டுவார்கள். அதே கதை.

வேடர் குழு நுண்ணோக்கியில் வடிவமாகப் பார்த்ததை மூன்ஸ்டர் குழு விசையில் பார்த்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். வேடர் கட்டுரையை மட்டும் படித்தால் இழைகள் திரும்பின, பதிந்தன என்ற படம் கிடைக்கும். மூன்ஸ்டர் கட்டுரையோடு படித்தால்தான் பதிந்தது திசை மட்டுமில்லை, நீளமும் என்பது புரியும். 2009 கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் இழுத்தால் வரிசையாகும் என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போவதை நான் கவனித்திருக்கிறேன். அந்தப் பாதி ஹாரிஸ் காலத்திலேயே தெரியும். விட்டால் என்ன ஆகும் என்ற மறு பாதிதான் அவர்களுடைய சொந்தச் சம்பாத்தியம்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று. உயிர்த் திசுக்களை இழுத்துப் பார்க்கிறவர்கள் இடையே ஒய்.சி. ஃபங் காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. தோலையோ தசைநாணையோ எடுத்தவுடன் இழுத்து வரும் முதல் சில கோடுகளை நம்ப மாட்டார்கள். ஒன்றின் மேல் ஒன்று விழும்படி கோடுகள் நிலைப்படும்வரை திரும்பத் திரும்ப இழுத்துப் பழக்கி, அதற்கப்புறம் வருவதைத்தான் எழுதிக்கொள்வார்கள். ஃபங் இதைத் தன் புத்தகத்திலேயே சொல்லியிருக்கிறார். ஜெல்காரர்களாகிய நாங்கள் நேர்மாறு. முதல் இழுப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடுவோம். அவர்கள் தூக்கிப் போடுவதை நாங்கள் வைத்துக்கொள்கிறோம், நாங்கள் தூக்கிப் போடுவதை அவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். பிறகு இரண்டு எண்ணையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இவ்வளவு நெருக்கம் என்று சந்தோஷப்படுகிறோம். என் திட்ட அறிக்கையில் அப்படி ஒரு அட்டவணை இருக்கிறது. நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். மார்பகப் புற்றுநோயில் கட்டியின் ஓரத்தில் கொலாஜன் இழைகள் கட்டிக்குச் செங்குத்தாக வரிசையாகின்றன, செல்கள் அந்த இழைகளைத் தண்டவாளம் மாதிரி பிடித்துக்கொண்டு வெளியே போகின்றன என்று புரோவென்சானோ குழு 2006-இல் காட்டியது. இதை ஆராய ஜெல்லில் மாதிரி செய்யும்போது, ஜெல் முன்பு எவ்வளவு இழுபட்டது என்பது தெரியாவிட்டால், செல் செய்த வரிசை எது, நாம் பிப்பெட்டால் ஊற்றும்போதும் அச்சிலிருந்து உரிக்கும்போதும் செய்த வரிசை எது என்று பிரிக்க முடியாது. பிணைப்பு போடாத ஜெல் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும், நம் கை நடுக்கத்தையும் சேர்த்து.

தோல்காரர்கள் இந்த விஷயத்தில் எங்களைவிட ஒழுக்கமானவர்கள். ஐ.எஸ்.ஓ. 2418 என்ற தரநிலை, தோலில் எந்த இடத்திலிருந்து துண்டு வெட்ட வேண்டும் என்று முதுகெலும்புக் கோட்டை வைத்து வரையறுக்கிறது. 2419 எந்த வெப்பத்தில், எவ்வளவு ஈரப்பதத்தில் வைத்திருந்து சோதிக்க வேண்டும் என்கிறது. 3376 இழுவைச் சோதனைக்கானது. முதுகெலும்புக்கு இணையாக வெட்டிய துண்டும் குறுக்கே வெட்டிய துண்டும் வேறு வேறு பதில் தரும் என்பது அந்தத் தொழிலில் பால பாடம். செருப்பின் வார் எந்தத் திசையில் வெட்டப்பட்டது என்பதைப் பொறுத்து அது நீளும், நீளாது. ஒரு ஜோடி ஷூவின் மேல்தோலுக்கு இவ்வளவு கேட்கிறோம். மருந்து சோதிக்கும் ஜெல்லுக்கு ஒரு எண், ஒரு பிழை அளவு, முடிந்தது. எந்தக் கொலாஜன், பெப்சின் போட்டு எடுத்ததா அமிலத்தில் மட்டும் எடுத்ததா, எந்தச் சூட்டில் உறைந்தது, எவ்வளவு வேகத்தில் இழுத்தார்கள், எத்தனையாவது இழுப்பு என்பதில் ஏதாவது ஒன்று விடுபடாத கட்டுரையை நான் அரிதாகத்தான் பார்க்கிறேன். பெப்சின் மூலக்கூறின் இரு முனையிலும் உள்ள சிறு வால்களை வெட்டிவிடும், அந்த வால்கள்தான் இழை கட்டுவதற்கும் பிணைப்புக்கும் உதவுகிறவை. அது போனால் ஜெல்லே வேறு.

வேடர் கட்டுரைக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் எண் ஒன்றைக் கொடுத்துவிட்டு ஓடவில்லை. இழுத்தார்கள், விட்டார்கள், விட்ட பிறகும் பார்த்தார்கள். விட்ட பிறகு பார்க்கும் பொறுமை எனக்கு அப்போது இல்லை.

நேற்று இரவு பரணில் இருந்த பெட்டியை இறக்கி அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்கைத் தேடினேன். முதல் இழுப்புகளின் கோப்புகள் எல்லாம் தேதி வாரியாக அழகாக இருக்கின்றன. இரண்டாவது இழுப்புகள் ஒன்றுகூட இல்லை, இடம் போதாமல் அழித்திருப்பேன். ஆய்வக நோட்டு மட்டும் கூட இருந்தது. மாதிரி 7-க்கு நேராக என் கையெழுத்தில், "மறுபடி இழுத்தது, கிளிப் வழுக்கல், தள்ளுபடி." 8, 9, 11-க்கு நேராகவும் அதே வரி.